ஊரார் கால்வலி

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். பஞ்சர் கடையில் வேலை. கையில் எப்போதும் சொல்யூஷன் பிசுபிசுப்பு. போனில் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து ஒட்டிக்கொண்டு வருகிறது. எங்கள் தமிழ் வாத்தியார் என் பரீட்சைத் தாளைக் கையில் எடுத்தாலே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார். பத்தாம் வகுப்பைப் பாதியில் நான் விட்டபோது வீட்டில் எல்லோரும் வருத்தப்பட்டார்கள், அவர் மட்டும் வருத்தப்படவில்லை. அப்படிப்பட்டவன் எதற்கு எழுத வேண்டும்?

ஆனால் என் நண்பன் இந்தக் கதையை டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் சொல்லும் கதையில் நான் சாமி சொத்தைத் திருடியவன், மலையில் பாதி வழியில் உட்கார்ந்து அழுதவன். நான் அழவில்லை. கண்ணில் புழுதி விழுந்தது. அதை மட்டுமாவது சரிசெய்து வைப்போம் என்று, கடையில் கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் குன்னம் பக்கம். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். இதைத் தவிர எங்கள் பக்கம் இருப்பது தரை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தரை. ஊரிலேயே பெரிய மேடு ஏரிக்கரைதான். அதில் சைக்கிளை மிதித்து ஏற்றினாலே நாங்கள் சட்டை பட்டனைக் கழற்றிவிட்டுக் காற்று வாங்குவோம்.

நண்பன் எனக்கு அடுத்த தெரு. அவன் படித்தவன். அரியலூருக்கு பஸ்ஸில் போய் காலேஜில் தாவரவியல் படித்தான். சிமெண்ட் லாரி போகிற ரோட்டோரத்து மரத்தில் வெள்ளையாகத் தூசி படிந்திருக்கும் இல்லையா, பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் அந்த இலையைத் துடைத்து, அடியில் என்ன பச்சை என்று பார்ப்பான். ஒருமுறை அப்படித் துடைத்துக்கொண்டே இரண்டு பஸ்ஸை விட்டிருக்கிறான். காட்டு இலாகாவில் காவலர் வேலைக்கு எழுத்துப் பரீட்சை வைத்தார்கள். எழுதினான், தேறிவிட்டான். அடுத்தது நடை. இருபத்தைந்து கிலோமீட்டரை நாலு மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். அதில் தேறினால் வேலை கிட்டத்தட்ட கையில்.

தேறாவிட்டால் சிங்கப்பூர். இது அவன் அப்பா போட்ட கணக்கு. அவர் கெட்டவர் இல்லை. எங்கள் தெருப் பையன்கள் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும்போது, தன் பையன் மட்டும் மரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறானே என்று அவருக்கு வெட்கம். என் கண் முன்னாடியே அவனிடம் சொன்னார்.

“இந்த நடையில தேறலன்னா அடுத்த மாசம் ஃபிளைட்டு. ஏஜெண்டுகிட்ட பேசிட்டேன். அங்க ஒன்னைய யாரும் நடக்கச் சொல்ல மாட்டாங்க, லாரி பின்னாடி ஏத்திக் கூட்டிட்டுப் போயிருவாங்க.”

அவர் போனதும் நண்பன் என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

“எனக்கு அங்க போவ வேணாம் மாப்ள. போட்டோவுல பாத்தேன். மரத்தயெல்லாம் ஒரே அளவுல வெட்டி வரிசையா நிக்க வச்சிருக்கானுவோ.”

“மரந்தாண்டா ஒனக்குப் பிரச்சின? கேட்டா சிரிப்பானுவோ.”

“சிரிக்கட்டும்.”

நான் சிரித்தேன். ஆனால் அவன் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் அன்றைக்கே அவனுக்கு நான்தான் கோச் என்று அறிவித்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே. ஒரு விசில் வாங்கினேன். அவன் முன்னால் நடக்க, நான் சைக்கிளில் பின்னால் விசில் அடித்துக்கொண்டு போனேன். குன்னம் ரோட்டில் எதிரே வந்த எல்லோரும் விசாரித்தார்கள்.

“என்னடா, மாட்ட சந்தைக்கு ஓட்டிட்டுப் போறியா?”

“ஆமாண்ணே, பல்லு பாக்குறீங்களா?”

நண்பனுக்கு மூச்சு நன்றாக இருந்தது. கால்களும் நீளம். அவனுக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி, பயம். யாரோ ஒரு புண்ணியவான் அவனிடம், “பதினஞ்சு தாண்டுனா கெண்டைக்கால் கல்லு மாதிரி ஆயிரும்” என்று சொல்லியிருக்கிறான். அதிலிருந்து நம் ஆளுக்கு இரண்டாவது கிலோமீட்டரிலேயே கெண்டைக்கால் வலிக்கத் தொடங்கிவிடும். பேசிக்கொண்டே நடந்தால் வலிக்காது. “எத்தன கிலோமீட்டர் ஆச்சு?” என்று கேட்டு நான் பதில் சொன்னால் உடனே வலிக்கும். ஒருநாள் நான் வேண்டுமென்றே ஐந்தைப் பதினைந்து என்று சொன்னேன். அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டான். அவன் அம்மா வெயிலுக்கு ஆகாது என்று அவன் இரண்டு பாக்கெட்டிலும் சின்ன வெங்காயத்தை நிரப்பி அனுப்புவார்கள். உட்கார்ந்தால் அது வேறு நசுங்கும். பக்கத்தில் நிற்க முடியாது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வேலை காட்டில், பயிற்சி ரோட்டிலா? ரோட்டில் நடந்தால் கிலோமீட்டர் கல் கண்ணில் படும், இவனுக்கு வலி வரும். மலையில் கல் நிறைய இருக்கும், ஆனால் எதிலும் நம்பர் இருக்காது. பச்சைமலைக்குக் கூட்டிப்போக வேண்டியதுதான். கணவாய் கணவாயாக ஏற்றி இறக்கினால் தரை ரோடு இவனுக்குத் தூசு.

எங்கள் கடைக்கு வருகிற லோடு ஆட்டோக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையடிவாரம் வரை வெங்காயம் ஏற்றிப் போவார். மூட்டைகள் மேல் சைக்கிளைப் படுக்கப் போட்டு, சைக்கிள் மேல் நாங்கள் படுத்துக்கொண்டு போனோம்.

முதல் ஞாயிறு, வளைந்து வளைந்து ஏறுகிற தார் ரோட்டுக் கணவாய். அவன் நடந்தான், நான் மிதித்தேன். முதல் வளைவு வரை மிதித்தேன் என்று சொல்வதுதான் சரி. அதற்குப் பிறகு சைக்கிளைத் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் மாடு எங்கேயோ முன்னால், கோச் எங்கேயோ பின்னால் என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் அவன் நின்று, ஏதாவது மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தான்.

“வேங்க மரம்டா இது. கீறுனா ரத்தம் மாதிரி பால் வரும்.”

“என்னையக் கீறிப் பாரு, அதுகூட வராது.”

மேலே ஒரு வளைவில் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம். அங்கிருந்து கீழே பார்த்தேன். இவ்வளவு பெரிய ஊரிலா நாம் இத்தனை நாள் இடமில்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. பச்சைச் சதுரம், கறுப்புச் சதுரம், நடுநடுவே கண்ணாடித் துண்டு மாதிரி ஏரி. கீழேயிருந்து வந்த காற்றில் வியர்வை ஒரே நிமிடத்தில் காய்ந்தது.

“அந்தா தெரியிதே வெள்ளையா, அதான்டா அரியலூர் சிமெண்ட் பொகை,” என்றேன்.

“அது மேகம்டா.”

அவன் முடிப்பதற்குள் குரங்குகள் வந்துவிட்டன. ஒன்று அவன் மடியில் ஏறி, தன் பாக்கெட் மாதிரியே கையை விட்டு வெங்காயத்தை அள்ளியது. ஒரு பெரிய குரங்கு பொறுமையாகத் தோல் உரித்தது. கடித்தது. எங்களைப் பார்த்தது. கண்ணில் தண்ணீர் வந்ததும் அதற்கு எங்கள் மேல் என்ன கோபமோ, மீதி வெங்காயம் அத்தனையையும் எங்கள் மேலேயே எறிந்தது. குறி தப்பவே இல்லை. கீழே இறங்கும் வரை நண்பன் கால் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓடினோம் இல்லையா, அதனால் இருக்கும்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் இன்னும் இரண்டு ஏற்றங்களைப் பார்த்தோம். கோடை மழை பெய்து ஓடைகளில் கணுக்கால் அளவு தண்ணீர் இருந்தது. மரவள்ளிக் காட்டுக்கு நடுவே போகிற பாதை ஒன்று, பாறையைப் பிளந்துகொண்டு போகிற பாதை ஒன்று. எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைத்தியம் பிடித்தது. கடையில் டயரைக் கழற்றும்போதுகூட, அந்த மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்றுதான் நினைப்பு ஓடும். நண்பனுக்கு மட்டும் பயம் விடவில்லை. மலையில் வலிக்காத கால், ஊருக்கு வந்து ரோட்டில் இறங்கியதும் வலித்தது.

நடைத் தேர்வுக்கு முந்தைய ஞாயிறு. இந்த முறை ரோடே இல்லாத ஒற்றையடிக் கணவாய். மலை மேல் இருக்கிற ஊர்க்காரர்கள் சந்தைக்கு இறங்கி ஏறுகிற பாதை. பெயர் சொல்லி அழைக்கிற அளவுக்குப் பெரிய கணவாய் இல்லை. கேட்டால் “மேல, கணவா” என்றுதான் சொல்வார்கள்.

“ஒத்தையடிப் பாதைக்கு எதுக்குடா சைக்கிளு?” என்று நண்பன் கேட்டான்.

“கோச்சுன்னா சைக்கிள் இருக்கணும்டா.”

ஏறும்போது பாதித் தூரம் நான் சைக்கிளைத் தள்ளினேன், மீதித் தூரம் அது என் தோளில் ஏறி வந்தது. கணவாயை அடைந்ததும் இரண்டு பக்கமும் பாறை ஒதுங்கி வழிவிட்டது. குளிர்ந்த காற்று. அந்தப் பக்கம் இன்னொரு பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் நீலமாக இன்னொரு மலை. பாதையோரம் ஒரு கல்லின் அடியில், இடுப்பு உயரத்துக்குப் பச்சைத் தழை குவிந்து கிடந்தது. மேலே இருந்தவை புதிது, கீழே இருந்தவை காய்ந்து சருகாகியிருந்தன.

எங்கள் ஊரில் தழை ஒடித்துக் குவித்தால் அது ஒன்றே ஒன்றுக்குத்தான், ஆட்டுக்கு. நாங்கள் இரண்டு பேரும் சுற்றிப் பார்த்தோம். ஆடு இல்லை.

“யாரோ ஒடிச்சிப் போட்டுட்டு மறந்துட்டாங்க போல,” என்றேன்.

“பாவம், காஞ்சி போவுது. ஆடு பட்டினியா கெடக்கும்,” என்றான் தாவரவியல் படித்தவன். இதை அவன் டீக்கடையில் சொல்வதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இறங்கும்போதுதான் என் சைக்கிளின் குணம் நினைவுக்கு வந்தது. பஞ்சர் கடையில் வேலை பார்ப்பவன் சைக்கிளில் பிரேக் எங்கே இருக்கும்? முன் பிரேக் கம்பி போன வருடமே போய்விட்டது. பின் பிரேக்கில் கட்டை தேய்ந்து இரும்புதான் உரசும். தரை ஊரில் இதற்கு நான் செருப்புக் காலை ஊன்றுவேன். இங்கே ஊன்றினால் செருப்பு மட்டும்தான் நிற்கும்.

எறையூர் சர்க்கரை ஆலை ரோட்டில் கரும்பு டிராக்டர்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். பாரம் இழுத்தால் வண்டி மெதுவாகப் போகும். ஆட்டுக்குப் போட்ட தழையில் பெரிதாக ஒரு கிளையை உருவினேன். பழைய டியூப் துண்டு எப்போதும் என் பையில் இருக்கும். அதை வைத்துக் கேரியரில் கட்டினேன். போதாது என்று இன்னும் மூன்று கிளை. நண்பனை ஆட்டுக்காரர் வருகிறாரா என்று பார்க்கச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமான பிரேக். தழை சரசரவென்று தரையை அணைத்துப் பிடித்தது. பாறை இருக்கிற இடத்தில் இறங்கித் தூக்கினேன், மண் பாதை வந்தால் ஏறி உட்கார்ந்தேன். காடை, கௌதாரி எல்லாம் இரண்டு பக்கமும் சிதறிப் பறந்தன. பின்னால் ஒரு லாரி போன அளவுக்குப் புழுதி. அந்தப் புழுதிக்குள்ளிருந்து நண்பனின் குரல் மட்டும் வந்தது.

“டேய்! முன்னாடி போறதுன்னா சீக்கிரம் போய்த் தொலடா! மூச்சு வாங்க முடியல!”

“காட்டு வேலைக்குப் போறவன் புழுதிக்குப் பயந்தா ஆவுமா? நட, நட!” என்று விசில் அடித்தேன்.

அடிவாரத்தில் ஒரு டீக்கடை. சைக்கிளை வெளியே சாய்த்துவிட்டு டீ சொன்னோம். நண்பன் தலை முதல் கால் வரை செம்மண் பொம்மை மாதிரி இருந்தான். பாதி டீ குடித்திருப்போம். நாங்கள் வந்த பாதையிலேயே ஒரு அம்மா இறங்கி வந்தார்கள். நாற்பது வயது இருக்கும். தலையில் இரண்டு பலாப்பழம் வைத்த கூடை. கையால் பிடிக்கவில்லை. அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. கடை முன்னால் நின்று, என் சைக்கிளைப் பார்த்தார்கள். பிறகு அதன் வாலைப் பார்த்தார்கள்.

“பாத பூரா யாரோ கூட்டி வுட்டாப்புல இருக்கேன்னு பாத்துகிட்டே வந்தேன். சைக்கிள் யாருது?”

“என்னுதுதாங்க,” என்றேன்.

“இந்தத் தழை எங்கேர்ந்து எடுத்த தம்பி?”

“மேல கணவாயிலங்க. ஆட்டுக்குப் போட்டிருந்துச்சு. ஆடு ஒங்களுதுங்களா?”

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைப் பாதியில் நிறுத்தினார்.

“ஆடா?” என்றார்கள் அந்த அம்மா. “சாமிக்குப் போட்ட தழைப்பா அது. ஏறி வர்றவங்க ஆளுக்கு ஒரு கொத்து போடுவோம். போட்டுட்டுக் கால்வலிய அங்கயே எறக்கி வச்சிட்டுப் போவோம். அப்புறம் எவ்ளோ தூரம் நடந்தாலும் தெரியாது. நீ எத்தன கொத்து இழுத்துட்டு வந்த?”

“ஒண்ணுதாங்க... அப்புறம் கட்டு பத்தலன்னு ஒரு மூணு.”

“அப்ப நாலு பேரு கால்வலி.”

நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் டம்ளர் பெஞ்சில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

“மாப்ள.”

“என்னடா?”

“எனக்கு முட்டிக்குக் கீழ வலிக்கிது.”

“மலை ஏறி எறங்குனா வலிக்காம என்ன பண்ணும்?”

“ஏறும்போது வலிக்கலடா. நீ தழையக் கட்டுனதுக்கு அப்புறந்தான்.”

“இழுத்தவன் நான்டா! எனக்குத்தானே வலிக்கணும்?”

நண்பன் அந்த அம்மாவைப் பார்த்தான். ஹைகோர்ட்டைப் பார்ப்பது மாதிரி.

“இவன் சைக்கிள்ல வந்தாம்மா. நான் பின்னாடி அந்தப் புழுதியில நடந்து வந்தேன்.”

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார்கள். “பின்னாடி நடந்து வந்தவன் மேலதாம்ப்பா ஒட்டும்.”

“எனக்கு வர்ற வாரம் நடை டெஸ்டும்மா. அதுல தோத்தா என்னைய சிங்கப்பூர் அனுப்பிருவாங்க.”

“அடப் பாவமே. நாலு பேரு கால்வலியோடயா நடப்ப?”

“எடுத்த எடத்துலயே கொண்டு போய் வச்சிட்டா?”

“வச்சிட்டா போயிரும்.”

இத்தோடு விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஆனால் அவன் படித்தவன் ஆயிற்றே. “தழைன்னா எலையும் சேத்துதானம்மா? வழியில உதிந்துருக்குமே?” என்று கேட்டான்.

“சேத்துதான்.”

சொல்லிவிட்டு அந்த அம்மா மினிபஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார்கள். அவர்கள் முகத்தில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பலாக்கூடையின் நிழல் முகத்தில் விழுந்திருந்தது. ஊரையே கிண்டல் பண்ணுகிற என்னை ஒருத்தர் கிண்டல் பண்ணியிருந்தால் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்பது மட்டும் உண்மை.

சைக்கிளை டீக்கடையிலேயே விட்டோம். நான் நாலு கிளையையும் தோளில் சுமந்தேன். காலையில் லோடு ஆட்டோவிலிருந்து எடுத்து வைத்திருந்த வெங்காயச் சல்லடைப் பையை நண்பன் என் கையில் கொடுத்தான், இலை பொறுக்க.

“நீ பொறுக்க மாட்டியா?”

“எனக்குக் கால் வலிக்கிது.”

பாதை முழுக்க குனிந்து குனிந்து இலை பொறுக்கினேன். பொறுக்கியதையெல்லாம் அவன் வாங்கிப் பார்த்தான். அரியலூர் காலேஜில் அவன் படித்த மொத்தப் படிப்பும் அன்றைக்கு என் மேல் இறங்கியது.

“இது புங்கன். நாம இழுக்கல. கீழ போடு.”

“எலைதானடா?”

“ஊரான் எலைய எதுக்குக் கொண்டு போவணும்? இது வெப்பால, நம்முது. பையில போடு. உசிலைக்கு எல பொடிப்பொடியா இருக்கும், அத விட்டுரு, ஈர்க்கோட கெடந்தா மட்டும் எடு.”

“ரொம்ப நன்றிங்க சார்.”

பாதி ஏற்றத்தில் முதுகு என்னோடு வர மறுத்துவிட்டது. ஒரு பாறையில் உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, முன்பே சொன்ன புழுதிதான். அவன் மேலே நின்று கையைத் தட்டினான்.

“எந்திரிடா. நாலு பேரு காலு காத்துகிட்டு இருக்கு.”

“அந்தம்மா சும்மா சொல்லிருந்தா?”

“சும்மா சொல்லாமயும் இருந்திருந்தா?”

அவன் குரலில் விளையாட்டு இல்லை. நெற்றி சுருங்கியிருந்தது. அந்த வேலை அவனுக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. விசிலைக் கால்சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

கணவாயில் வெயில் சாய்ந்திருந்தது. கல்லின் அடியில் கிளைகளை ஒவ்வொன்றாக வைத்தேன். பையைக் கவிழ்த்து இலையைக் கொட்டினேன். நண்பன் தன் பங்குக்குப் புதிதாக ஒரு கொத்து போட வேண்டும் என்றான். ஆனால் மரத்தில் ஒடிக்க மனசு வரவில்லை. வேலை கிடைப்பதற்கு முன்பே காட்டைக் காக்கத் தொடங்கிவிட்டான். காற்றில் தானாக ஒடிந்து விழுந்த ஒரு கொத்தைத் தேடிக் கண்டுபிடித்து வைத்தான். கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றான்.

“நீயும் போடுடா.”

நான் இரண்டு கொத்து போட்டேன், காலுக்கு ஒன்றாக. எதிர் மலை மஞ்சளாகி, பிறகு செம்பழுப்பானது. பள்ளத்தாக்குக்குள் எங்கேயோ ஒரு நாய் குரைப்பது இங்கே வரைக்கும் கேட்டது. காலையில் இதே இடத்தில் ஆட்டைத் தேடியபோது இது எதுவும் என் கண்ணில் படவில்லை.

இறங்கி வந்தபோது டீக்கடைக்காரர் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். “வச்சிட்டீங்களா? நம்ம ஊர் ஆளுங்களே ஒரு நாளுல ரெண்டு தடவ ஏறி எறங்க மாட்டாங்க தம்பி,” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நண்பனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“டேய், காலையிலேர்ந்து நீ நடந்த நடை என்னான்னு தெரியுமா? கணக்குப் பாத்தா...”

அவன் சட்டென்று என் வாயைப் பொத்தினான்.

“சொல்லாத. சொன்னா வலிக்கும்.”

நடைத் தேர்வு நாள். விடியும்போதே ரோட்டில் பையன்கள் வரிசையாக நின்றார்கள். தரையான, நேரான, தார் ரோடு. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கல். நம்பரோடு. அதைப் பார்த்ததும் எனக்குத்தான் கெண்டைக்கால் வலித்தது. கூடவே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முடிகிற இடத்தில், ஒரு வேப்பமர நிழலில், நானும் அவன் அப்பாவும் காத்திருந்தோம். அவர் சட்டைப் பையில் பாஸ்போர்ட் துருத்திக்கொண்டு தெரிந்தது.

“இத எதுக்குங்க மாமா கொண்டாந்தீங்க?”

“அப்படியே ஏஜெண்டப் பாத்துட்டுப் போயிரலாம்னு.”

முதலில் ஒருத்தன் ஓடியே வந்தான். பிறகு நான்கு பேர். பிறகு கூட்டமாக. ஒருத்தன் நொண்டினான், ஒருத்தன் முடிந்த இடத்திலேயே ரோட்டில் படுத்துவிட்டான். நம் ஆளைக் காணவில்லை. வெயில் ஏறியது. மாமா மூன்றாவது தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“வருவானாடா?”

வழக்கமாக இந்த மாதிரிக் கேள்விக்கு என்னிடம் பத்துப் பதில் இருக்கும். ‘வரலன்னா நேரா ஏர்போர்ட்டுக்கு நடந்து போயிருப்பான்’ என்பது நாக்கு வரைக்கும் வந்தது. அவர் கை அந்தப் பாஸ்போர்ட்டைத் தடவிக்கொண்டிருந்த விதத்தில் அதை முழுங்கிவிட்டேன். அவருக்கும் அவனை அனுப்ப இஷ்டமில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“வந்துருவான் மாமா.”

வந்தான். ஓடவில்லை, நொண்டவில்லை. சந்தைக்குப் போகிறவன் மாதிரி கையை வீசிக்கொண்டு, ரோட்டோரத்து மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு கிலோமீட்டர் கல்லையும் அவன் பார்க்கவில்லை என்று பிறகு சொன்னான். கோட்டைத் தாண்டும்போது நேரம் இன்னும் மிச்சம் இருந்தது. நம்பரைக் குறித்துக்கொண்ட அதிகாரி, “ஓரமா போப்பா,” என்றார். அவ்வளவுதான். அவனை மரத்தைப் பார்க்க விடுகிற ஒரு வேலை அவ்வளவு சாதாரணமாக அவன் கைக்கு வந்தது.

மாமா பாஸ்போர்ட்டை எடுத்து, சட்டைப் பையிலிருந்து வேட்டி மடிப்புக்கு மாற்றினார்.

“சரி, கெடக்கட்டும். எல்லா வூட்லயும் ஒண்ணு இருக்குதுல்ல,” என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு இளநீர் வாங்கப் போனார். போகும்போது தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கண்ணிலும் புழுதி.

நான் நண்பன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோச் என்றால் இந்த நேரத்தில் நாலு வார்த்தை பேச வேண்டாமா?

“மாப்ள, ஒன்னைய மலை மலையா ஏத்தி எறக்கி ஆளாக்குனது நானு. யூனிஃபார்ம் போட்டதும் என்னைய மறந்துராத. நீ காட்டுல ராஜாவா இருக்கும்போது, இந்த ஏழை சைக்கிள எடுத்துகிட்டு ஒவ்வொரு கணவாயா வருவேன். எனக்கு என்னடா செய்வ?”

அவன் ஷூவைக் கழற்றிக் கல்லைத் தட்டிக்கொண்டே, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னான்.

“வா வா, நான் புடிக்கப் போற மொத ஆளே நீதாண்டா.”